உன்னைக் கொடுத்து வாங்கியவன்

டொலிடோ, ஒஹாயோ
21 செப்டம்பர் 1978

ஸோல்டன்,

மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று முறையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். முப்பத்தாறு வயது ஆளுக்கு இது அழகுதான். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை நீ கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாய். அண்ணனிடமிருந்து ஒரு வரி வராதா, வந்தால் நன்றாகத் திட்டலாமே என்று நான்கு வருடமாகக் காத்திருக்கிறவன் நீ.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எங்கள் குவார்ட்டர்பேக் டெனிஸுக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது. இந்த வருடம் அவன் இனி பந்தை எறியப் போவதில்லை. அடுத்து இருப்பவன் வெண்டல். இருபத்து மூன்று வயது. மெதுவாக யோசிக்கிறான், ஆனால் யோசிக்கிறான். பந்தை எறிகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்காத குணம் அது. அவனை வைத்து இந்த வருடம் தோற்பது, அடுத்த வருடம் ஜெயிப்பது. இது என் திட்டம்.

எங்கள் முதலாளி லூமிஸின் திட்டம் நீ. "எம்ரி, உன் தம்பியைக் கூட்டிட்டு வந்துடு. பாதி மைதானம் காலியா கிடக்குது. இந்த ஊர்க்காரன்னா பார்க்க வருவாங்க" என்கிறார். மெத்தை விற்றுப் பணக்காரர் ஆனவர். உறையை மாற்றினால் எந்தப் பழைய சரக்கையும் புதிதென்று தள்ளிவிடலாம் என்று நம்புகிறார்.

உன்னைக் கொடுப்பதற்கு உன் ஸ்போக்கேன் குழு ஈடாகக் கேட்பது ஓடெல் ப்ரூயிட்டை. பெயரைக் கேள்விப்பட்டிருப்பாய். எறிகிறவனின் முதுகுப் பக்கமாக ஓடி வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது அவன் வேலை. அந்த வேலையில் அவனைவிடச் சிறந்த ஆளை நான் பார்த்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் உன்னை ஸ்போக்கேனுக்குக் கொடுத்தபோது, கல்லூரியிலிருந்து வருகிறவர்களில் ஒருவனை முந்திப் பொறுக்கும் உரிமையை அவர்கள் எனக்குக் கொடுத்தார்கள். அந்த உரிமையில் நான் பொறுக்கியவன்தான் ஓடெல். உன்னைக் கொடுத்து அவனை வாங்கினேன். இப்போது அவனைக் கொடுத்து உன்னை வாங்க வேண்டுமாம்.

உன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. உன் சம்மதம் இல்லாமல் உன்னை யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. யாரை மனதில் வைத்து அந்த வரியைச் சேர்த்தாய் என்று எனக்குத் தெரியும். இப்போது அதைப் பயன்படுத்து. முடியாது என்று சொல். கெடு அக்டோபர் பத்தாம் தேதி, மாலை நான்கு மணி.

உன்னை இங்கே யாரும் கெஞ்சிக் கூப்பிடவில்லை என்பதையும் தெரிந்துகொள். நான் கேட்பது ஒரே ஒரு சொல்.

எம்ரி

*

ஸ்போக்கேன், வாஷிங்டன்
26 செப்டம்பர் 1978

டொலிடோ ஹெரான்ஸ் அமெரிக்கக் கால்பந்துக் குழுவின் மேலாளர், உயர்திரு எம்ரி டோமோகோஸ் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றேன். கிழிக்கவில்லை. உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "மெதுவாக யோசிக்கிறான், ஆனால் யோசிக்கிறான்" என்ற இடத்தில் நல்ல சிரிப்பு. அடுத்த கடிதம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். தாங்கள் மனது வைத்தால்...

போதும். இந்தத் "தாங்கள்" எழுதி எழுதிக் கை வலிக்கிறது. பந்து எறிகிற கை.

எம்ரி, எனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்தாயா? 1974 ஜூலை. ஃபெரியின் சவரக்கடையில் முகத்தில் பாதி சோப்போடு உட்கார்ந்திருந்தேன். வானொலியில் சொன்னார்கள், டோமோகோஸ் ஸ்போக்கேனுக்குப் போகிறார் என்று. ஃபெரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்ப்பா, உங்க அண்ணன்தானே அங்க மேலாளர்? உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?" என்று கேட்டார். கடையில் ஆறு பேர். "தெரியுமே" என்று பொய் சொன்னேன். மீதிக் கன்னத்தையும் சிரைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டினேன். உன் வீடு இரண்டு தெரு தள்ளி. நடந்து வந்தால் நான்கு நிமிடம்.

அந்த ஆளுக்கு இப்போது என்னிடமிருந்து ஒரு சொல் வேண்டுமாம்.

வேடிக்கை என்ன தெரியுமா? நான் அதைத்தான் சொல்வதாக இருந்தேன். போன வாரமே எங்கள் கோச் கேட்டார், "டொலிடோ உன்னைக் கேக்குது, போறியா?" என்று. "அந்த ஊர் ஆத்துல என் பொணம்கூட மிதக்காது" என்றேன். பிறகு உன் கடிதம் வந்தது. இப்போது யோசிக்கிறேன். மெதுவாகத்தான்.

அண்ணனாக வேண்டாம், அது உனக்கு வராது. மேலாளராகச் சொல். நான் ஏன் லாயக்கில்லை? காரணத்தோடு எழுது. நியாயமாக இருந்தால் பார்க்கலாம்.

ஸோல்டன்

*

டொலிடோ
30 செப்டம்பர் 1978

ஸோல்டன்,

கேட்டாய், சொல்கிறேன்.

போன வருடம் நீ ஆடிய ஒன்பது ஆட்டங்களின் படச்சுருளையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது தடவை பார்த்தது, முதல் தடவை பார்த்ததை நம்ப முடியாமல். முப்பது கஜத்துக்கு மேல் நீ எறிந்தவை பதினேழு. உரிய கைக்குப் போய்ச் சேர்ந்தவை நான்கு. மற்றவை வழியில் காற்றில் நின்று இளைப்பாறின. இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாய். அடி விழுவதற்கு முன்பே கண்ணை மூடுகிறாய். அக்டோபர் 23 ஆட்டம், மூன்றாம் பகுதி, இரண்டு தடவை. கோழை என்று சொல்லவில்லை. வயது என்கிறேன். உன் உடம்பு உன்னைவிடப் புத்திசாலி. அது விலகிக்கொள்ளப் பார்க்கிறது, நீ விடமாட்டேன் என்கிறாய்.

சரி, நீ இருபத்தெட்டு வயது ஸோல்டனாகவே வந்தாலும் என்ன பயன்? ஓடெலைக் கொடுத்துவிட்டால் உன் முதுகைக் காக்க என்னிடம் இருப்பவன் ஹாங்க். நல்ல பையன். ஆனால் அவன் ஒரு கதவு. திறந்த கதவு. உன்னை நிற்க வைக்கக்கூடிய ஒரே ஆளைக் கொடுத்துவிட்டு, விழுவதற்கென்றே உன்னைக் கொண்டுவர வேண்டும். இதை லூமிஸிடம் சொன்னேன். "அதுக்கென்ன, விழுந்தா எழுந்துக்குவான்" என்றார். மெத்தைக்காரருக்கு மனிதர்கள் படுத்துக் கிடந்தால்தானே பிழைப்பு.

ஓடெலின் மனைவி வெர்லீன் இங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. டிசம்பரில் பிரசவம். இந்தப் பேச்சு நடப்பது அவனுக்கு இன்னும் தெரியாது. முடிவாகும் வரை நான் சொல்வதாக இல்லை.

சவரக்கடைக் கதையை நான்கு வருடமாகத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறாய். உன்னைக் கொடுத்தது சரியான முடிவு. இன்றைக்கும் அதையே செய்வேன். உன் முகத்தில் சோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஒரு சொல். பத்து நாள் இருக்கிறது.

எம்ரி

*

ஸ்போக்கேன்
4 அக்டோபர் 1978

எம்ரி,

காரணங்கள் நியாயமானவை. அக்டோபர் 23 இரண்டு தடவை அல்ல, மூன்று. ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறாய். உனக்கும் வயதாகிறது.

இருந்தாலும் வருகிறேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நீ காரணத்தோடு எழுதினாய், நானும் எழுதுகிறேன். இங்கே என் வேலை, தொப்பி போட்டுக்கொண்டு கையில் ஒரு குறிப்புப் பலகையோடு கோட்டுக்கு வெளியே நிற்பது. ஐந்து ஆட்டம் முடிந்துவிட்டது. என் சட்டையில் ஒரு புல் கறை இல்லை. துணி துவைக்கிற எர்ல் என் சட்டையைத் துவைக்காமலே மடித்து அலமாரியில் வைக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் தெரியாத மாதிரி "நன்றி எர்ல்" என்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும்.

டிசம்பரோடு என்னை அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு முப்பது நாற்பது வருடம் நான் ஆடாத ஆளாக உயிரோடு இருக்க வேண்டும். டொலிடோ என்றால் பத்து ஞாயிற்றுக்கிழமை. யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். மெத்தைக்காரன் கொடுத்தாலும், உன் வயிற்றெரிச்சலோடு சேர்த்துக் கொடுத்தாலும்.

நாற்காலியில் உட்கார்ந்து படச்சுருள் பார்க்கிறவனுக்கு இது புரியாது. நீ ஒரு நாளும் ஆடியதில்லை. அதனால் எதையும் விட்டுவிட வேண்டிய நிலைமை உனக்கு வரவில்லை.

அப்புறம் இன்னொன்று. ஓடெலிடம் சொல்லவில்லையாம். முடிவாகும் வரை சொல்வதாக இல்லையாம். அடடா, என்ன மேலாளர். உனக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான், ஆளை விற்றுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வது. அவனுக்காக என்னைப் பரிதாபப்படச் சொல்கிறாயே, முதலில் நீ அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிக் காட்டு. அதற்கப்புறம் எனக்குப் புத்தி சொல்லலாம்.

ஸோல்டன்

*

டொலிடோ
9 அக்டோபர் 1978
(அவசரத் தபால்)

ஸோல்டன்,

சனிக்கிழமை ஓடெலிடம் சொன்னேன். நீ சொன்னதற்காக இல்லை. அப்படியே இருந்தாலும் உனக்கு அந்தத் திருப்தியைக் கொடுப்பதாக இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து சொன்னேன். முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இதை எனக்கு ஏன் சார் சொல்றீங்க? யாரும் முன்னாடி சொல்ல மாட்டாங்களே."

"நீ வானொலியில கேக்கக் கூடாதுன்னு."

தட்டைத் தள்ளி வைத்தான். "வெர்லீனுக்கு டிசம்பர் வரைக்கும் பள்ளிக்கூடம். டாக்டரும் இங்கதான். அவளைக் கூட்டிட்டுப் போக முடியாது சார்." பிறகு, "உங்க தம்பி நல்லா ஆடுவாரா?"

"மாட்டான்."

"அப்புறம் ஏன் சார்?"

 பதினாறு வருடமாக மேலாளர். அவன் தட்டில் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை லூமிஸ் காகிதத்தை மேஜையில் வைத்தார். "உன் தம்பி சரின்னுட்டான். கையெழுத்துப் போடு, இல்லேன்னா ஆபீஸ் சாவியை வை" என்றார். சாவியை வைத்தேன். அவர் இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான். "நீ போட்டதா நினைச்சுக்கிட்டு நானே போட்டுக்கறேன்" என்று பேனாவை எடுத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். வீட்டு வாசலில் உன் அண்ணி இலோனா என்னைப் பார்த்துவிட்டு, "மத்தியானச் சாப்பாட்டுக்கா வந்தீங்க?" என்றாள். பதினாறு வருடத்தில் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டதில்லை.

நான் தியாகம் செய்ததாக நினைத்து உருகாதே. மோசமான வியாபாரத்தில் என் பெயர் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முடியாது என்று சொல்ல நாளை நான்கு மணி வரை உனக்கு நேரம் இருக்கிறது. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேருமா தெரியாது. வந்தாலும் நீ செய்ய மாட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

எம்ரி

*

கொமடோர் ஹோட்டல், டொலிடோ
17 அக்டோபர் 1978

எம்ரி,

உன் அவசரத் தபால் ஸ்போக்கேனைச் சுற்றிவிட்டு நேற்றுத்தான் இங்கே வந்தது. பத்தாம் தேதியே கிடைத்திருந்தால் மனம் மாறியிருப்பேனா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். மாறியிருக்க மாட்டேன். பொய் சொல்ல விருப்பமில்லை.

நீ சாவியை வைத்தாய் என்று விமான நிலையத்தில் ஒரு நிருபன் சொல்லித்தான் தெரியும். முகத்தில் சோப்பு இல்லை, அதுதான் வித்தியாசம்.

மேளதாளத்தோடு வரவேற்றார்கள். லூமிஸ் என்னை ஒரு மெத்தை மேல் உட்காரவைத்துப் படம் எடுத்தார். "கொஞ்சம் சாஞ்சுக்கோ ஸோலி" என்றார். சாய்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை வேறு விதமாகச் சாய்ந்தேன். ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் ஹாங்க் ஓடி வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றான். ஆறாவது தடவை, "மன்னிப்பை விடுடா, அவனை நிறுத்து" என்றேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டான். முதல் பகுதியில் கூட்டம் என் பெயரைப் பாடியது. கடைசிப் பகுதியில் "வெண்டல், வெண்டல்" என்று கத்தியது. முன் வரிசையில் ஒருத்தன், "ஸோலி, தலைகாணியும் வேணுமாடா?" என்றான். நியாயமான கேள்விதான்.

வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். நீ ஊரில் இல்லை என்றாள் அண்ணி. அவளுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிட்டது. உன் கார் வாசலில் நின்றது. மாடித் திரை அசைந்தது. காற்று என்று நினைத்துக்கொள்கிறேன், உன்மேல் உள்ள மரியாதையால்.

அங்கிருந்து ஓடெல் வீட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. அவன் கிளம்பி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கதவைத் திறந்த வெர்லீன் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"ஆமாம்மா."

"என் புருஷனைக் கொடுத்துட்டு உங்களை வாங்கினாங்களாம். ரசீது ஏதாவது இருக்கா? திருப்பிக் கொடுத்துட்டு வந்துடலாம்."

 ஏதாவது உதவி வேண்டுமா என்று உளறினேன். அவள் வாசலோரம் இருந்த தொட்டியைக் காட்டினாள்.

"நாளைக்குக் குப்பை வண்டி வரும். தொட்டியைத் தெருவுல வைங்க. என்னால குனிய முடியல."

வைத்தேன். மூடி சரியாக இல்லை என்று திரும்பக் கூப்பிட்டு மூடச் சொன்னாள். இனி ஒவ்வொரு வியாழக்கிழமையும் போகப் போகிறேன். அதற்காவது லாயக்கா என்று படச்சுருள் போட்டுப் பார்த்துச் சொல்.

ஸோல்டன்

*

டொலிடோ
24 அக்டோபர் 1978

ஸோல்டன்,

காற்று இல்லை. நான்தான்.

இரண்டு ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் பார்த்தேன். உன்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. சொன்னதெல்லாம் நடக்கிறது, அதில் எனக்குச் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஹாங்கைப் பற்றிச் சொல்கிறேன். அவன் பந்து நகர்வதற்கு முன்னாலேயே வலது காலை எடுக்கிறான். எதிரில் இருப்பவனுக்கு அதிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. இடது காலை எடுக்கச் சொல். கோச்சிடம் சொல்லாதே, அவர் அதை ஒரு கூட்டம் போட்டுப் பேசுவார். அவனிடம் நேராகச் சொல். நான் சொன்னதாக வேண்டாம்.

என் நாற்காலியில் லூமிஸின் மருமகன் உட்கார்ந்திருக்கிறானாம். தலையணைப் பிரிவைப் பார்த்துக்கொண்டவன். அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது.

வெர்லீன் வீட்டுக்கு இலோனா வாரம் இரண்டு தடவை முட்டைக்கோஸ் உருண்டை கொண்டுபோகிறாள். அந்தப் பெண்ணுக்கு அது பிடிக்கவில்லை, மரியாதைக்காகச் சாப்பிடுகிறாள். இலோனாவுக்கும் அது தெரியும். இருந்தும் கொண்டுபோகிறாள். நீ வைக்கிற குப்பைத் தொட்டியைப் பற்றி வெர்லீன் அவளிடம் சொன்னாளாம்: "வாரத்துல ஒரு நாள் ஒழுங்கா வேலை செய்றாரு. ஞாயித்துக்கிழமைதான் பிரச்சினை."

ஒரு விஷயம் எழுத வேண்டும். எழுதாமலே விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன்.

அந்த ஜூலையில் நான் வந்தேன். நான்கு நிமிடம்தான், நீ சொன்ன மாதிரி. வீட்டில் நீ இல்லை, ஃபெரி கடையில் இருப்பாய் என்று அங்கே வந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்றேன். உன் முகத்தில் சோப்பு இருந்தது. நீ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய், கடையே சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே போய் எப்படிச் சொல்வது என்று நின்றேன். சவரம் முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் வானொலி சொல்லிவிட்டது. உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்போதாவது உள்ளே வந்திருக்கலாம். திரும்பிப் போய்விட்டேன்.

உன்னைக் கொடுத்தது சரி. கண்ணாடிக்கு வெளியே நின்றது சரியில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி நான்கு வருடமாக நீ திட்டினாய், நானும் ஒன்றாகக் கட்டியே உன்னிடம் வாதாடினேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

எம்ரி

*

கொமடோர் ஹோட்டல், டொலிடோ
28 நவம்பர் 1978

எம்ரி,

பதில் எழுத வேண்டாம் என்றாய். ஒரு மாதம் எழுதவில்லை. உன் பேச்சை நான் கேட்டது இதுதான் முதல் தடவை, குறித்து வைத்துக்கொள்.

ஹாங்கிடம் சொன்னேன். இடது கால். இப்போது மூன்று எண்ணும் வரை அவனால் நிறுத்த முடிகிறது. அதற்கு முன்னால் ஒன்று. அந்த மூன்று எண்ணிக்கையை வைத்தே இரண்டு ஆட்டம் ஜெயித்தோம், பத்திரிகையில் பார்த்திருப்பாய். கூட்டம் திரும்பவும் என் பெயரைப் பாடியது. இந்த ஊர்க்காரர்களுக்கு வெட்கமே கிடையாது. எனக்கும்தான், கையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது பத்திரிகையில் சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்றாம் பகுதி. என்மேல் பாய வந்தவனை ஹாங்க் நிறுத்திவிட்டான். முழுசாக நிறுத்திவிட்டான், எம்ரி. என்னைத் தொட ஒருத்தனும் இல்லை. நேர் எதிரே நம் ஆள் தனியாகக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். நான் கண்ணை மூடினேன். அடிக்க யாருமே வராதபோது கண்ணை மூடினேன். திறந்தபோது பந்து என் கையிலேயே இருந்தது, அவன் தாண்டிப் போய்விட்டான்.

நானே கோட்டுக்கு வெளியே நடந்து வந்தேன். கோச், "விலாவா?" என்றார். "இல்லை, வெண்டலைப் போடுங்க" என்றேன். "அடி பட்டிருக்குன்னு சொல்லிடலாம்" என்றார். "படலை" என்றேன். வெண்டல் போனான். மெதுவாக யோசித்தான். மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். நான் நின்றிருந்தால் இருபதில் தோற்றிருப்போம்.

பிறகு நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நான் சொன்னதை அவர்கள் பாதி வெட்டிவிட்டார்கள். முழுசாக இது: "என்னை வாங்கினது முட்டாள்தனம். ஓடெலைக் கொடுத்து வாங்கினது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். எனக்கு அது தெரிஞ்சுதான் வந்தேன். இதை முதல்லயே சொன்ன ஆளு ஒருத்தர்தான், அவரை வெளியே அனுப்பிட்டீங்க." யார் அவர் என்று ஒருத்தன் கேட்டான். "எங்க அண்ணன்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை காலம் ஆகிறது, நாக்கு தடுக்கியது. லூமிஸ் பின்னால்தான் நின்றிருந்தார். என்னோடு அவர் ஒப்பந்தம் போட்டிருந்த விளம்பரத்தை ரத்து செய்துவிட்டார். அந்த வகையில் லாபம்.

இன்னும் மூன்று ஆட்டம். ஆட மாட்டேன். தொப்பி கொடுத்திருக்கிறார்கள்.

உன் மாதிரி ஆளை நான் மன்னித்ததாக நினைக்காதே. கண்ணாடிக்கு வெளியே நின்றானாம்.

ஸோல்டன்

*

கொமடோர் ஹோட்டல், டொலிடோ
15 டிசம்பர் 1978

எம்ரி,

நேற்று ஆஸ்பத்திரியில் காலை பத்து மணியிலிருந்து எட்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. அண்ணி இரண்டு தடவை காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ரெண்டு கழுதைங்க" என்று நர்ஸிடம் சொன்னதைக் கேட்டேன். நீயும் கேட்டாய். அதனால் எழுதித்தான் தீர வேண்டியிருக்கிறது.

வெர்லீனை நான் கூட்டிவந்தது எப்படி என்று நீ பார்வையாலேயே கேட்டாய். வியாழக்கிழமை என்பதால் குப்பைத் தொட்டி வைக்கப் போனேன். மேல்கோட்டு போட்டுக்கொண்டு, பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் தொட்டியைப் பிடித்தேன். "அதை விடுங்க. காரை எடுங்க" என்றாள். வழியெல்லாம் பனி. நான் மெதுவாக ஓட்டினேன். "சீக்கிரம் போங்க, உங்களை யாரும் அடிக்க வரல" என்றாள். இருக்கிற வலியில் அவளுக்கு இப்படிப் பேச எப்படி முடிந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஓடெல் விமானத்திலிருந்து நேராக ஓடி வந்தபோது நீ ஜன்னல் பக்கம் போய்விட்டாய். அதனால் உனக்குக் கேட்டிருக்காது. என்னை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவான் என்று நினைத்தேன். நின்றான். கையைக் கொடுத்தான். என் கை அவன் கைக்குள் காணாமல் போய்விட்டது.

"முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

வேறு எதையும் கேட்கவில்லை. எனக்குச் சொல்வதற்கு ஒரு பெரிய மன்னிப்பு மனப்பாடமாக இருந்தது, ஸ்போக்கேனிலிருந்து வந்த நாளிலிருந்து. "பரவாயில்லை" என்றுதான் வந்தது.

குழந்தையை நான் பார்க்கவில்லை. பார்க்கிற தகுதி இல்லை என்று தோன்றியது, கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஹோட்டலைக் காலி செய்கிறேன். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை.

ஸோல்டன்

*

டொலிடோ
16 டிசம்பர் 1978

ஸோல்டன்,

இதைத் தபாலில் போடவில்லை. இலோனா ஹோட்டலுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். அவளிடம் கேள்வி கேட்காதே, ஏற்கெனவே நம் இருவர் மேலும் கோபமாக இருக்கிறாள்.

பெண் குழந்தை. மூன்றரைக் கிலோ. ஓடெல் அதை இரண்டு கையாலும் தூக்கி வைத்துக்கொண்டு, யாராவது பறிக்க வருவார்களோ என்பதுபோல் சுற்றிலும் பார்க்கிறான். தொழில் பழக்கம்.

தகுதி இல்லை என்று கிளம்பிவிட்டாயாம். இதில் மட்டும் உன்னை நன்றாகப் பழக்கியிருக்கிறேன் போலிருக்கிறது. வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது நம் வீட்டுச் சொத்து.

நீ பத்திரிகைக்காரர்களிடம் சொன்னதைப் படித்தேன். சொல்ல இத்தனை ஆட்டம் தேவைப்பட்டது உனக்கு. இருந்தாலும் சொன்னாய். ஆக்ரனில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்கள். உனக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று இலோனா சொல்கிறாள். சொன்னதாக வைத்துக்கொள்.

நீ போன பிறகு வெர்லீன் என்னை உள்ளே கூப்பிட்டாள். படுத்தபடியே வெகுநேரம் என்னைப் பார்த்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் பாவம்.

"அந்தக் குப்பைத் தொட்டிக்காரர் போயிட்டாரா?"

"போயிட்டான்."

"அவரை முன்னாடி நீங்கதானே கொடுத்தீங்க?"

"நான்தான்."

"இன்னொரு தடவை யாருக்காவது கொடுப்பீங்களா?"

"கொடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"யாரும் வாங்க மாட்டாங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தேன்.

"அப்ப உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் என்னிடமிருந்து எதிர்பார்க்காதே.

எம்ரி